எங்கள் வீட்டுக் கவாத்து

எனக்கு ஒன்பது வயதில் தங்கைமேல் பெரும் பொறாமை. அவளுக்குப் புற்றுநோய். கழுத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி தென்பட, சேலத்து ஆஸ்பத்திரியில் பரிசோதித்துச் சொல்லியிருந்தார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. அவளுக்கு அடிக்கடி பஸ் பயணம். திரும்பும்போது கையில், எங்கள் மலையில் காய்க்காத ஆப்பிள்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எங்கள் மலையூரான கொட்டச்சேட்டில் காப்பி எஸ்டேட் வேலை. மருந்தில் தங்கையின் முடி முழுக்கக் கொட்டியபோது, அப்பா எனக்குத் தெரிந்த சொல்லில் விளக்கினார்.

"கவாத்து வெட்டியிருக்குது கண்ணு. காப்பிச் செடிக்கு வெட்டறோமில்ல, அதாட்டம். மறுபடி நொம்பத் துளிர்க்கும்."

எனக்கும் கவாத்து நடந்தால் எனக்கும் ஆப்பிள். அவர்கள் சேலம் கிளம்பவிருந்த காலையில், அப்பாவின் கத்தரியால் பின்னல்களைக் கண்டபடி வெட்டினேன். கத்தரியைப் போர்வைக்குள் மறைத்து, நோயாளிபோல் படுத்துக்கொண்டேன்.

எழுப்ப வந்த அம்மா தலையணை நிறைய முடியைப் பார்த்தாள். உட்கார்ந்து என் தாடைக்குக் கீழே, கழுத்தில், அக்குளில் விரல்களால் அழுத்தி அழுத்தித் தடவினாள். கூச்சம் தாங்காமல் நான் நெளிந்து சிரித்ததில் கத்தரி தரையில் விழுந்தது.

அடுத்து விழுந்தது அறை. அப்படி அவள் என்னை அடித்ததே இல்லை. உடனே மூச்சு முட்டக் கட்டிக்கொண்டு சிரிக்கவும் செய்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வாசலில் நின்ற தங்கை என் தலையைப் பார்த்தாள். "அக்காளுக்குக் கவாத்தே பண்ணத் தெரியலீங்கம்மா!"

"ரெண்டு பேரும் கெளம்புங்க சாமி" என்றாள் அம்மா. வழக்கமாகத் தங்கையின் தலையில் சுற்றும் துண்டை அன்று கொடியிலேயே விட்டுவிட்டாள்.

பஸ்ஸில் நாங்கள் உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்த ஒரு பெண் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"ஏனுங்க, ரெண்டு புள்ளைக்குமா? ஒட்டுவாரொட்டிங்களா?"

"ஒட்டாதுங்க" என்றாள் அம்மா, பஸ் முழுக்கக் கேட்கும்படி. "இது எங்க ஊட்டுக் கவாத்துங்க. நீங்க தள்ளியே உக்காருங்க, எம்புள்ளைங்க காலை நீட்டிக்குவாங்க."

தங்கை உடனே காலை நீட்டினாள். கவாத்துத் தலைக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் வியந்தேன். ஆப்பிளும் கிடைத்தது.

தங்கைக்குத் துளிர்த்தது. இடுப்பைத் தொடும் பின்னலை ஆட்டிக்காட்டி, நரைத்து மெலிந்த என் முடியை இன்றும் கேலி செய்கிறாள்.

போன மாதம் சளிக்காய்ச்சலில் என் மகனுக்குக் கழுத்தில் சின்ன வீக்கம். ஒன்றுமில்லை, வடிந்துவிடும் என்றார் டாக்டர். வடிந்தும்விட்டது. ஆனாலும் பள்ளிக்கு அனுப்புமுன் சட்டைக் காலரைச் சரிசெய்யும் சாக்கில் என் விரல்கள் தினமும் அங்கே போகின்றன.

"கிச்சுகிச்சு மூட்டாதீங்கம்மா!" என்று நெளிகிறான்.

"சிரி சாமி, நல்லாச் சிரி" என்கிறேன்.

முடி வெட்டிக்கொண்ட அன்று காலை அம்மா விளையாடத்தான் என் கழுத்தைத் தடவினாள் என்று நானும் நினைத்திருந்தேன்.