பச்சைத் தண்ணீர் வந்த வழி

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், தோர்சன் கவுண்டி என்ற சிறு மாவட்டத்தின் மன்றத்துக்கு மேற்கு மூலையிலிருந்து உறுப்பினராக நிற்க அந்த வருடம் யாரும் முன்வரவில்லை. இருந்தவர், மூட்டுவலிக்கு வெயில் நல்லது என்று அரிசோனாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். வாக்குச்சீட்டில் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. வேறு வழியில்லாமல் சிலர் தங்கள் மனதுக்குத் தோன்றிய பெயரை எழுதிப் போட்டார்கள். ஒருவர் தன் நாயின் பெயரை எழுதினார். மற்றவற்றைவிடக் கொஞ்சம் அதிகமாக எழுதப்பட்டிருந்த பெயர் லவோன் மோயன்; அங்கத்து வழக்கப்படி அவளே உறுப்பினரானாள்.

லவோனுக்கு அது மறுநாள் மளிகைக் கடையில்தான் தெரிந்தது. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். அந்த மேட்டு நிலத்தில் எந்த வீட்டுப் பிள்ளை எந்தத் திருப்பத்தில் ஏறும், பனிக்காலத்தில் எந்தச் சரிவில் வண்டி வழுக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. ஆகவே மன்றத்தின் சாலைக் குழுவில் தன்னைப் போடுவார்கள் என்று நினைத்தாள். சாலைக் குழுவுக்கு ஏற்கெனவே அடிபிடி. மண், நீர் பாதுகாப்புக் குழுவில்தான் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

குழுத் தலைவர் ஓரின் சோல்பெர்க் பழைய பால் பண்ணைக்காரர், பேசுவதைவிடத் தொண்டையைச் செருமுவது அதிகம். முதல் கூட்டத்தன்று லவோன் அவரை ஓரமாகப் பிடித்து நிறுத்தினாள்.

"நான் இங்க என்ன பண்ணணும் ஓரின்?"

"மேற்பார்வை."

"எதை?"

"மண்ணை. தண்ணியை."

"மண்ணு அது பாட்டுக்குக் கிடக்குது. அதை எதுக்கு மேற்பார்வை பண்ணணும்?"

"கிடந்தாத்தான் பரவால்லையே. ஒரு பெரு மழை பேஞ்சா உன் வயக்காட்டு மண்ணு மிசிசிப்பி ஆத்துல போயி நிக்குது."

"அப்ப நாம போயி அதைப் பிடிக்கணுமா?"

"நாம ஒண்ணும் பிடிக்க வேண்டாம். ட்ரிஷா பிடிப்பா. அவ பிடிக்கிறாளான்னு நாம பாக்கணும்."

ட்ரிஷா வெண்ட் கவுண்டியின் பாதுகாப்பு அதிகாரி. எப்போதும் ரப்பர் பூட்சும் சேறுமாகவே வருவாள். சட்டம் போடுவது மாநிலம், அதை நடத்துவது கவுண்டி, கவுண்டிக்காக முடிவெடுப்பது குழு, முடிவு என்னவாக இருக்க வேண்டும் என்று குழுவுக்குச் சொல்வது ட்ரிஷா, ட்ரிஷாவுக்கு வேலை கொடுத்திருப்பது குழு. இதில் யார் யாருக்கு மேலே என்று லவோன் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தாள். பிடிபடவில்லை. கணவன் ஆர்வினிடம் சொல்லிப் பார்த்தாள்.

"நம்ம வீடு மாதிரிதான்னு வச்சுக்கயேன். இங்க மட்டும் யாரு மேலன்னு யாருக்குத் தெரியுது?" என்றான் அவன்.

புரியாவிட்டாலும் லவோன் கூட்டத்தைத் தவறவிட்டதில்லை. ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்டுச் சுட்ட பலகாரத்தைத் தட்டோடு கொண்டுபோய் வைப்பாள். வசந்தத்தில் கவுண்டி மரக்கன்று விற்கும்போது கொட்டகையில் நின்று பைன் கன்றுகளை எண்ணிக் கட்டிக் கொடுப்பாள். கோடையில் குழு பண்ணை பண்ணையாகச் சுற்றிப் பார்க்கப் போகும். பேருந்தை லவோனே ஓட்டுவாள். சரிவுக்குக் குறுக்கே பட்டை பட்டையாகச் சோளமும் புல்லும் மாற்றி விதைத்திருப்பதையும், ஓடைக்கரையில் மாடு இறங்காதபடி வேலி கட்டியிருப்பதையும் ட்ரிஷா காட்டும்போது, மண் நிற்பது கண்ணால் தெரிந்தது. அந்த மட்டில் லவோனுக்கு நிம்மதி.

அந்த நிம்மதி ஒரு மார்ச் மாதக் கூட்டத்தோடு போயிற்று. பனி உருகிக்கொண்டிருந்த நேரம். கெல்சி என்ற இளம் தாய், இடுப்பில் குழந்தையும் கையில் ஒரு கண்ணாடி ஜாடியுமாக உள்ளே வந்தாள். மேட்டு நிலத்தின் முகட்டுக்கு மேற்கே, பள்ளத்தாக்கில் அவள் வீடு. ஜாடியை மேசை மேல் வைத்தாள். உள்ளே தண்ணீர் பழுப்பாக இருந்தது. மூடியைத் திறந்ததும் ஓரின் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார்.

"இது என் குழாய்த் தண்ணி. பிள்ளையக் குளிப்பாட்ட எங்கம்மா வீட்டுக்கு ஓட வேண்டியிருக்கு. மேல ட்யூயி பனி மேலயே சாணியக் கரைச்சு ஊத்துறாரு. அது எங்க போகும்? எங்க தலையிலதான் இறங்கும்" என்றாள்.

ட்யூயி நார்ட்ஹெய்ம் பின்வரிசையில்தான் இருந்தான். முகட்டின் மேல் பெரிய பால் பண்ணை அவனுடையது. எழுந்து தொப்பியைக் கழற்றினான். "ஊத்தலாம்னு சொன்ன இடத்துலதான் ஊத்துனேன். ட்ரிஷாவக் கேளுங்க. ஓடையில இருந்து தள்ளி, கிணத்துல இருந்து தள்ளி. இதுக்கு மேல நான் எங்க கொண்டுபோயி கொட்டுறது, சந்திரன்லயா?"

இரண்டு பேருமே லவோனின் பேருந்தில் வளர்ந்தவர்கள். கெல்சி முன் இருக்கைக்குச் சண்டை போடுவாள். அவளுக்கு வெகுகாலம் முந்தி, ட்யூயி கடைசி இருக்கையில் உட்கார்ந்து பின்னால் வரும் கார்களுக்கு நாக்கை நீட்டுவான். இருவரையும் பார்க்கப் பார்க்க, இருவர் சொல்வதும் சரியென்றே லவோனுக்குப் பட்டது.

ட்ரிஷா விளக்கினாள். ட்யூயி விதியை மீறவில்லை. ஆனால் போன இலையுதிர் காலத்தில் அவன் நிலத்தில் ஓரிடம் திடீரென்று உள்வாங்கி, கார் நிற்கும் அளவுக்குக் குழி விழுந்திருக்கிறது. கீழே சுண்ணாம்புப் பாறை, உள்ளே முழுக்க வெடிப்பு. அந்தக் குழிக்குள் போகும் தண்ணீர் மண்ணில் வடியாமல் நேரே கிணற்றுக்குப் போகலாம்.

"எந்தக் கிணத்துக்கு?" என்று லவோன் கேட்டாள்.

ட்ரிஷா உதட்டைப் பிதுக்கினாள். ஓரின் தொண்டையைச் செருமினார். யாருக்கும் தெரியவில்லை. குழு அமைந்த காலத்திலிருந்து தரைக்கு மேலே ஓடும் தண்ணீரைத்தான் மேற்பார்வை பார்த்திருக்கிறார்கள்.

பல்கலைக்கழகத்து நிலவியல் ஆசிரியர் ஒருவரைக் கூப்பிட்டுக் குழிக்குள் சாயம் ஊற்றிப் பார்க்கலாம், எங்கே வெளியே வருகிறதோ அதுதான் வழி என்றாள் ட்ரிஷா. லவோன் தீர்மானத்தை முன்மொழிந்தாள். அவள் முன்மொழிந்த முதல் தீர்மானம் அதுதான்.

ஏப்ரலில் தீயணைப்பு வண்டி வந்து ட்யூயியின் குழிக்குள் தண்ணீரைப் பீய்ச்ச, ஆசிரியர் சாயத்தைக் கொட்டினார். குடித்தாலும் ஒன்றும் செய்யாது என்று அவர் சொன்ன அந்தத் தூள், தண்ணீர் பட்டதும் கண் கூசும் பச்சையாக மாறி, ஒரு சுழி சுழித்துப் பாறைக்குள் மறைந்தது. ட்யூயி குழியின் விளிம்பில் கைகட்டி நின்றான். முகட்டுக்கு மேற்கே இருந்த ஊற்றுகளுக்கெல்லாம் ஆள் போட்டிருந்தார்கள். கெல்சி அடிக்கடி குழாயைத் திறந்து பார்த்தாள். வெள்ளைப் பீங்கானில் பழுப்பாக விழுந்ததே தவிர, பச்சை வரவில்லை. ஒரு வாரம் போயிற்று. ஆசிரியருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

லவோன் வீடு முகட்டுக்குக் கிழக்கே, எதிர்ச்சரிவில். அங்கே பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவாலயத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் காப்பிப் பாத்திரத்தை நிரப்பி அடுப்பில் வைத்துவிட்டுத் தலைவாரப் போனாள். சமையலறையிலிருந்து ஆர்வின் கூப்பிட்டான்.

"லவோன், காப்பியில என்னத்தப் போட்ட?"

"காப்பித்தூளு."

"வந்து பாரு."

அவன் கையிலிருந்த கோப்பை ஓரத்தில் பாசி நிறம் ஓடியது. லவோன் குழாயைத் திறந்தாள். பச்சை. மூடித் திறந்தாள். அதே பச்சை. இருவரும் வெளியே ஓடிப் பார்த்தார்கள். மேய்ச்சல் நிலத்து ஊற்றும் அந்த நிறத்தில்தான் ஓடியது. மாடுகள் வாயை வைத்துச் சாவகாசமாகக் குடித்துக்கொண்டிருந்தன.

"நம்ம தண்ணி மாதிரி இந்தக் கவுண்டியிலயே கிடையாதுன்னு சொல்லுவீங்களே" என்றாள் லவோன். ஆர்வின் கையிலிருந்த கோப்பையைப் புல்லில் கவிழ்த்தான்.

அடுத்த கூட்டத்தில் அவள் எந்தப் பக்கம் உட்காருவது என்பதே கேள்வியாகிவிட்டது. ட்யூயியின் குழியால் பாதிக்கப்பட்டவள் இப்போது கெல்சி அல்ல, குழு உறுப்பினரான லவோன். ஆகவே ட்யூயி விஷயத்தில் அவள் வாக்களிக்கக் கூடாது என்று கவுண்டியின் வழக்கறிஞர் சொன்னார். ட்யூயி கூட்டத்துக்கு முன்னாலேயே அவளிடம் வந்தான்.

"நான் உங்க தண்ணியக் கெடுக்கணும்னு நெனைக்கல, லவோன்."

"தெரியும்டா. நீ நெனச்சுப் பண்ணுனது எல்லாம் பஸ்ஸோட போச்சு."

அவன் சிரித்தான், ஆனால் முகம் வாடியே இருந்தது. "அப்ப கெல்சி வீட்டுக்கு வர்றது எங்க இருந்து?"

அதைத்தான் லவோனும் இரவு பகலாக யோசித்துக்கொண்டிருந்தாள். அவள் நிலத்தின் மேல் எல்லையில், முகட்டை ஒட்டி, ஒரு பழைய குழி இருந்தது. ஆர்வினின் அப்பா காலத்திலிருந்தே வயலில் பொறுக்கிய கல், அறுந்த வேலிக்கம்பி, செத்த கன்று எல்லாம் அதற்குள்தான் போகும். குளிர்காலத்தில் காற்று படாத இடம் என்று மாடுகளை அதைச் சுற்றித்தான் நிறுத்தித் தீனி போடுவார்கள். அதைப் பற்றி ட்ரிஷாவிடம் சொல்லப் போவதாக அன்று சாப்பாட்டு மேசையில் சொன்னாள்.

ஆர்வின் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "உனக்குப் பைத்தியமா? யாராவது தன் வீட்டுக் குழிய தானே காட்டிக் கொடுப்பாங்களா?"

"ட்யூயியோடதக் காட்டச் சொன்னது நான்தானே."

"அது அவன் குழி!"

"தண்ணிக்கு அது தெரியலயே ஆர்வின்."

அவன் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. மே மாதம் சாயம் ஊற்ற வண்டி வந்தபோது, கேட்டைத் திறந்துவிட்டது மட்டும் அவன்தான். இந்த முறை சிவப்பு. பச்சையோடு குழம்பக் கூடாதென்று.

சிவப்பு முதலில் வந்தது தோர்சன் கவுண்டியிலேயே அல்ல. எல்லைக்கு அப்பால், பக்கத்துக் கவுண்டியில், ட்ரௌட் மீன் பிடிக்க வெளியூரிலிருந்தெல்லாம் ஆள் வரும் ஓடையில் வந்தது. இடுப்பளவு தண்ணீரில் தூண்டிலோடு நின்ற ஒரு பல் மருத்துவர் தன்னைச் சுற்றி ஓடை இளஞ்சிவப்பாவதைப் பார்த்துப் போலீஸைக் கூப்பிட்டுவிட்டார். கெல்சியின் கிணற்றிலும் சிவப்பு இருந்தது, ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை, கருவிதான் சொன்னது.

கூட்டத்தில் ஆசிரியர் படம் போட்டுக் காட்டினார். பச்சை மேற்கிலிருந்து கிழக்கே, சிவப்பு கிழக்கிலிருந்து மேற்கே. இரண்டும் பாறைக்குள் எங்கோ ஒன்றுக்கு மேல் ஒன்று கடந்து போயிருக்கின்றன. லவோன் தலையைச் சாய்த்து அந்தப் படத்தைப் பார்த்தாள். எந்தப் பக்கம் மேலே என்று அவளுக்குப் புரியவில்லை. ஓரினுக்கும் புரியவில்லை என்பது அவர் செருமியதில் தெரிந்தது.

"அப்ப கெல்சி தண்ணியக் கெடுத்தது நாங்களா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் நீங்க," என்றார் ஆசிரியர். "உங்க குழியிலிருந்து அவங்க கிணத்துக்கு வழி இருக்கு. ஆனா அவ்வளவு பழுப்புக்கு அது போதாது. அவங்க வீட்டு செப்டிக் டேங்கும் பழசு, விரிசல் விட்டிருக்கு. இது ரெண்டும் போக மிச்சம் எங்கிருந்து வருதுன்னு எனக்குத் தெரியல."

தன் வீட்டு டேங்க் என்றதும் கெல்சியின் முகம் சிவந்து போயிருந்தது. குற்றவாளி ஒருவன் கிடைப்பான் என்று வந்தவள் முன்னால், குற்றத்தை அவளையும் சேர்த்து எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். கூட்டம் கலைந்ததும் லவோன் அவளை வாசலில் பிடித்தாள்.

"என்னை மன்னிச்சுக்க கெல்சி."

"எதுக்கு மன்னிக்கணும்னே தெரியல லவோன். எவ்வளவுக்கு மன்னிக்கணும்னும் தெரியல." பிறகு குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "ட்யூயிய நான் சர்ச்சுல வச்சுத் திட்டியிருக்கேன். அதுக்கு நான் இப்ப எங்க போயி நிக்கிறது?"

லவோன் குழந்தையின் கழன்ற காலுறையை மாட்டிவிட்டாள்.

அந்தக் கோடையில் சில காரியங்கள் நடந்தன. ட்யூயி தன் குழியைச் சுற்றி அகலமாகப் புல் விதைத்து, அந்தப் பக்கம் சாணி வண்டியைக் கொண்டுபோவதை நிறுத்தினான். யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. செலவில் கவுண்டி பங்கு தராமல் கட்டாயப்படுத்தவும் முடியாதாம், அதுவும் லவோனுக்குப் பாதிதான் புரிந்தது. ஆர்வின் பழைய குழியிலிருந்து கம்பியையும் எலும்பையும் இயந்திரம் வைத்து அள்ளினான். மாடுகளின் தீனித் தொட்டியைச் சரிவின் கீழே இறக்கினான். அள்ளிய குப்பையைப் பார்த்துவிட்டு, "இதையா குடிச்சோம்?" என்றான்.

"நாம குடிச்சது ட்யூயியோடது. இதக் குடிச்சது கெல்சி" என்றாள் லவோன்.

கெல்சி வீட்டுக்குப் புது டேங்கும், பாறையின் கீழடுக்கு வரை ஆழமான புதுக் கிணறும் போட்டார்கள். தண்ணீர் தெளிந்தது. புதுக் கிணற்றாலா, தீனித் தொட்டியை நகர்த்தியதாலா, டேங்கை மாற்றியதாலா என்று ட்ரிஷாவால் சொல்ல முடியவில்லை. லவோன் வீட்டுக் கிணற்றில் ஒரு பரிசோதனையில் எல்லாம் சரி என்று வரும், அடுத்ததில் குடிக்காதே என்று வரும். அவர்கள் கடையில் குடிதண்ணீர் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

செப்டம்பரில் இரண்டு கவுண்டிக் குழுக்களும் சேர்ந்து ஒரு பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் கூடின. எங்கள் ஓடையில் வரும் தண்ணீரை நாங்கள் மேற்பார்வை செய்ய வேண்டுமென்றால் உங்கள் குழியையும் நாங்கள்தான் மேற்பார்வை செய்ய வேண்டும் என்றார் பக்கத்துக் கவுண்டிக் குழுவின் தலைவர். எங்கள் மண்ணில் உங்களுக்கு என்ன வேலை என்றார் ஓரின், செருமாமலே. பேச்சு சூடேறியது. அந்தக் குழிக்குச் சொந்தக்காரி யார், அவர் பேசட்டும் என்று யாரோ கத்தினார்கள்.

லவோன் எழுந்து நின்றாள்.

"குழி எங்களோடது. அதுக்குள்ள போற தண்ணி யாரோடதுன்னு எனக்குத் தெரியாது. நான் இந்தக் குழுவுக்கு வந்தப்ப, இதெல்லாம் தெரிஞ்சவங்க இருப்பாங்க, அவங்கள நாம பாத்துக்கிட்டா போதும்னு நெனச்சேன். இப்பப் பாத்தா ஒருத்தருக்கும் தெரியல. எனக்கு நெசமாவே ஒண்ணும் புரியல. ஆனா முகட்டு மேல இன்னும் நெறைய குழி இருக்கு. இன்னும் கொஞ்சம் சாயம் வாங்கலாமா?"

அரங்கில் சிரிப்பு கிளம்பியது. கேலிச் சிரிப்பா என்று அவள் சுற்றிலும் பார்த்தாள். அதுவும் தெளிவாகத் தெரியவில்லை. பின்னாலிருந்து ட்யூயி, "என் நிலத்துல இன்னொண்ணு இருக்கு, அதுல இருந்தே ஆரம்பிங்க" என்றான். பக்கத்துக் கவுண்டித் தலைவர் ஓரினைப் பார்த்தார். ஓரின் தோளைக் குலுக்கினார். தீர்மானத்தை எந்தக் கவுண்டியின் பேரில் எழுதுவது என்று ட்ரிஷா கேட்க, அதற்கு மறுபடியும் வாக்குவாதம் தொடங்கிற்று.

லவோன் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஆர்வின் கைகட்டி உட்கார்ந்திருந்தான்.

"அடுத்த தேர்தல்ல நிக்கப் போறியா?" என்று காதோடு கேட்டான்.

"தெரியல" என்றாள் லவோன். சாயம் வாங்கும் தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னார்கள். இதில் தனக்கு வாக்கு உண்டா இல்லையா என்று கேட்க அவள் ட்ரிஷாவைத் தேடினாள். ட்ரிஷா இரு தலைவர்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றாள். லவோன் கையைத் தூக்கினாள்.