சிவப்பு வகுப்பில் ஒரு மாட்டுக்கொட்டகை

1. பிரிண்டரில் வந்த சிவப்பு

எங்கள் அறையில் தயாரான ஒரு வரைபடத்தால் ஒரு குடும்பம் பதினோரு மாடுகளோடு தெருவுக்கு வரப்போகிறது என்பது எனக்கு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தெரிந்தது. தொண்ணூறுகளின் நடுவில், புகைமூட்டம் வந்து போன ஒரு வருடம் அது.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் பெட்டாலிங் ஜெயாவில் இருந்த எங்கள் அலுவலகத்துக்கு அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் படங்கள் டேப்பில் வரும். அது பதினாறு நாளுக்கு ஒருமுறை நம் தலைக்கு மேல் போகும். படத்தில் ஒவ்வொரு பிக்சலும் தரையில் முப்பது மீட்டருக்கு முப்பது மீட்டர். பசுமையான இலை பேண்ட் 4 என்ற ஒளிப்பட்டையில் பளிச்சென்று தெரியும். எரிந்த நிலம் அதில் இருட்டாகவும் பேண்ட் 7-இல் வெளிச்சமாகவும் தெரியும். தீக்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் வைத்து, இந்த இரண்டு பேண்டின் விகிதம் எவ்வளவு விழுந்தது என்று கணக்குப் போடுவோம். அதிகம் விழுந்தால் கடுமையான எரிப்பு, சிவப்பு. பிறகு ஆரஞ்சு, மஞ்சள். லேசாக எரிந்தது பச்சை. இப்படி நான்கு வகுப்பு.

கிள்ளானுக்குத் தெற்கே ஒரு சதுப்புக் காட்டில் தீப்பிடித்திருந்தது. அங்கே மண்ணே எரியும். மக்கிய இலையும் மரமும் சேர்ந்து ஆள் உயரத்துக்குப் படிந்த பீட் மண். மேலே அணைந்தாலும் அடியில் புகைந்துகொண்டிருக்கும். பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் என் மனைவி ஜன்னல்களுக்கு ஈரத்துணி கட்டியதும் அந்தப் புகைக்குத்தான். எனக்கு இருமல் வந்தால் இன்று எத்தனை தடவை என்று கேட்பாள். நான் சரியாகச் சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும்.

கம்ப்யூட்டருக்கு ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு மாதிரி இடம் காட்ட வேண்டும். மாதிரிக்குள் இருக்கும் பிக்சல்கள் ஒன்றைப்போல் ஒன்று இருந்தால் நல்லது என்பது கையேட்டில் இருந்த விதி. ஆபரேட்டர் ரொஹானி கடுமையான வகுப்புக்கு அருமையான ஓர் இடம் கண்டுபிடித்தார். காட்டின் விளிம்பில், ஒரே கறுப்பு, எங்கும் ஏற்ற இறக்கம் இல்லை. இவ்வளவு சுத்தமான மாதிரி இதுவரை கிடைத்ததில்லை என்று இருவரும் பேசிக்கொண்டோம். தரையில் அங்கே என்ன இருந்தது என்று அறையில் யாருக்கும் தெரியாது.

வரைவுப் பிரதி நில அலுவலகத்துக்குப் போயிற்று. சிவப்பில் வரும் நிலத்தை மூடி, வாய்க்கால்களை அடைத்துத் தண்ணீர் தேக்கி, மரம் நட்டு மீட்பது அவர்கள் திட்டம். சிவப்புக்குள் குடியிருப்பவர்கள் காலி செய்ய வேண்டும். இறுதி வரைபடம் திங்கட்கிழமை கையெழுத்தாக வேண்டும். அதற்கு முன் தரையில் போய்ச் சரிபார்க்கும் வேலை என்னுடையது.

2. பாக்கியம்

சிவப்பின் நடுவில் முதல் புள்ளி. வன இலாகா ரேஞ்சர் டின் என்னை லேண்ட்ரோவரில் அழைத்துப் போனார். வழியில் டயரைப் பற்றி மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் நல்ல டயர் என்றார்.

அங்கே ஒரு மாட்டுக்கொட்டகை நின்றது. ஒட்டினாற்போல் தகரக்கூரை வீடு. சுற்றியிருந்த மிதிபட்ட வெற்றுத் தரையைத் தீ தாண்டவில்லை. கொட்டகையின் தூண்களில் புதிதாகச் சிவப்பு பெயிண்ட் குறி. எங்கள் வரைவை வைத்துக்கொண்டு நில அலுவலகத்து ஆட்கள் அதற்குள் வந்து போயிருந்தார்கள்.

ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா வாளியோடு வெளியே வந்தார். பெயர் பாக்கியம். பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய குடும்பம். தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது மற்றவர்கள் ஃப்ளாட்டுக்குப் போனார்கள். இவரும் கணவரும் மாடுகளை ஓட்டிக்கொண்டு இந்த விளிம்புக்கு வந்து, அரசாங்க நிலத்தில் இருக்கத் தற்காலிக லைசென்ஸ் எடுத்து, வருடா வருடம் புதுப்பித்து வந்தார்கள். கணவர் உள்ளே கட்டிலில் இருமிக்கொண்டிருந்தார்.

என்னையும் நில அலுவலகத்து ஆள் என்றே நினைத்துவிட்டார்.

"எங்க போவச் சொல்றீங்க சார்? ஃப்ளாட்டுல மாடு ஏறுமா? இது மோட்டார் இல்ல லா, எங்க எடம் கெடைக்குதோ அங்க நிறுத்தி வைக்கிறதுக்கு."

நான் படம் பார்க்கிறவன், காலி செய்யச் சொல்லும் அதிகாரி இல்லை என்றேன். அது அவரைச் சமாதானப்படுத்தவில்லை.

"நீங்கதான் மேலருந்து பாக்கிறவரா? அப்ப நல்லா பாத்திருக்கலாமே."

நான் மாடுகளை எண்ணினேன். பன்னிரண்டு வந்தது. அவர் பதினொன்று என்றார். மறுபடி எண்ணினேன், பன்னிரண்டுதான். "அந்த வெள்ள எங்களது இல்ல சார். பக்கத்து வீட்டு மாடு. சாப்பாட்டு நேரத்துக்குச் சரியா வந்துரும்" என்றார்.

அப்போதுதான் அந்தப் பன்னிரண்டும் என்ன தின்கின்றன என்று பார்த்தேன். லாலாங் புல். கறுத்த தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குப் பச்சையாகக் கிளம்பியிருந்தது. தீ வந்து போய் ஏறக்குறைய ஒரு மாதம் ஆகியிருந்தது, நடுவில் சில நாள் மழை. எங்கள் படமோ தீக்கு அடுத்த வாரம் எடுத்தது; அதற்குப் பின் வந்ததில் புகையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அந்தப் படம் எடுத்த அன்றைக்கு இங்கே எல்லாம் ஒரே கறுப்பாகத்தான் இருந்திருக்கும். புல் முழுக்க எரியும், சமமாக எரியும். ரொஹானியின் சுத்தமான மாதிரி இந்தப் புல்வெளிதான்.

குந்தி உட்கார்ந்து கையால் தோண்டினேன். மேலே விரற்கடை அளவு சாம்பல். அதன் கீழே ஈரமண், வெள்ளை வேர். எங்கள் விளக்கப்படி கடுமையான எரிப்பு என்றால் வேர் செத்திருக்க வேண்டும், மண் வெந்திருக்க வேண்டும். இங்கே தீ புல்லை மட்டும் மேய்ந்துவிட்டுப் போயிருந்தது.

3. பச்சைக்குள் ஒரு கம்பி

அத்தோடு திரும்பியிருந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். பச்சை வகுப்பில் ஒரு புள்ளியாவது பார்க்க வேண்டும் என்று டின்னிடம் சொன்னேன். அவர் தயங்கினார். தன் காலடியில் மட்டும் கால் வைக்க வேண்டும், ஒவ்வோர் அடிக்கும் முன்னால் இரும்புக் கம்பியால் குத்திப் பார்க்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். எனக்குப் பயமாக இருந்தது. பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டேன்.

உள்ளே காடு நன்றாகவே இருந்தது. மரங்கள் நின்றன, இலைகள் பச்சையாக இருந்தன. மேலிருந்து பார்க்கும் எந்தக் கருவியும் அதை நல்ல காடு என்றுதான் சொல்லும். டின் ஒரு மரத்தடியில் கம்பியை ஊன்றினார். அது தடையே இல்லாமல் அவர் முழங்கை வரை இறங்கியது. வெளியே இழுத்தபோது நுனியிலிருந்து ஆவி வந்தது. தொடாதே என்று சொல்லும் முன்பே தொட்டுவிட்டேன். விரலை உதறினேன்.

அடியில் மண் எரிந்து குகையாகி, மரங்கள் தம் வேர்களின் மிச்சத்தில் நின்றுகொண்டிருந்தன. சற்றுத் தள்ளி ஒன்று சாய்ந்திருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோதே அது விழுந்தது. முறியும் சத்தம் இல்லை, காற்றும் இல்லை. உட்காருவதுபோல் மெதுவாக இறங்கிப் படுத்தது. வேர் இருக்க வேண்டிய இடத்தில் கரிக்கட்டைகள். உச்சியில் இலைகள் இன்னும் பச்சை.

டின் தொப்பியைக் கழற்றினார். 

எங்கள் வரைபடம் தலைகீழாக இருந்தது. பிழைத்துக்கொண்ட நிலத்தைச் சிவப்பாக்கி, செத்துக்கொண்டிருந்த காட்டைப் பச்சையாக்கியிருந்தது. அது அப்படியே கையெழுத்தானால் பாக்கியம் வெளியேற்றப்படுவார், தண்ணீர் அவருடைய புல்வெளிக்குப் போகும், காடு யாரும் பார்க்காமல் எரிந்து முடியும்.

4. இராசையா

மேலதிகாரி இராசையா யாழ்ப்பாணக் குடும்பத்துக்காரர். அலுவலகத்தில் ஆங்கிலமும் மலாயும்தான் பேசுவார். கோபம் வந்தாலோ அன்பு வந்தாலோ தமிழுக்கு மாறிவிடுவார். நான் சனிக்கிழமை அரை நாளில் போய் நின்றபோது தமிழில் ஆரம்பித்தார். எந்தக் காரணத்துக்கு என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

"நீர் ஒரு கம்பியைக் குத்திப்போட்டு வந்து, என்ர படம் பிழை எண்டு சொல்லுறீர். உம்மட கம்பி பார்த்தது ஒரு குழி. படம் பார்த்தது முழுக் காடு."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இரண்டு புள்ளிகளை வைத்து இத்தனை ஆயிரம் பிக்சல்களை மாற்ற முடியாது. அதனால் நான் வரைபடத்தை மாற்றச் சொல்லவில்லை. நிறுத்தி வைக்கச் சொன்னேன். செயற்கைக்கோள் அடுத்த வாரம் மறுபடி மேலே போகும். நம் வரைபடம் சரியென்றால் சிவப்பு வகுப்பு நிலம் அப்போதும் கறுப்பாக இருக்கும், பச்சை வகுப்பு பசுமையாக இருக்கும். என் கம்பி சரியென்றால் இரண்டும் இடம் மாறத் தொடங்கியிருக்கும். இன்னொரு படம் போதும்.

"மேகம் வந்தால்?"

"அதற்கடுத்த படம், சார்."

"அதுவரைக்கும் நான் டைரக்டருக்கு என்ன சொல்லுறது? மணியத்துக்கு மனக்கவலை எண்டோ?" என்று என் பெயரை இழுத்துச் சொன்னார்.

பிறகு வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"அந்த மனுசிக்கு எத்தனை மாடு?"

"பதினொன்று. பன்னிரண்டாவது பக்கத்து வீட்டுடையது."

"பால் கறக்குதோ?"

"ஆறு கறக்குதாம்."

"ஓம்" என்றார். போனை எடுத்து நில அலுவலகத்தைக் கூப்பிட்டார். வரைபடம் இன்னும் இறுதியாகவில்லை, அதுவரை யாரையும் அசைக்கக் கூடாது, பொறுப்பு தன்னுடையது என்று ஆங்கிலத்தில் சொன்னார். எதிர்முனை நிறையப் பேசியது. இவர் அதே மூன்றையும் திரும்பச் சொல்லிவிட்டு வைத்தார். பிறகு என் விரலைப் பார்த்து, மருந்து போட்டீரோ என்று கேட்டார்.

5. மேகம்

அடுத்த படம் முழுக்க வெள்ளை. கிள்ளான் ஆறு கூடத் தெரியவில்லை. இன்னும் பதினாறு நாள் காத்திருக்க வேண்டும். நான் தூங்கவில்லை என்று மனைவி சொன்னாள். தூங்கினேன், ஆனால் தூக்கத்திலும் மேகம் வந்தது. அந்த நாட்களில் டைரக்டர் இராசையாவை இரண்டு முறை அழைத்தார். திரும்பி வரும்போது அவர் கதவைச் சாத்திக்கொள்வார். என்ன நடந்தது என்று எங்களிடம் சொன்னதில்லை.

அதற்கடுத்த டேப் வந்த அன்று ரொஹானி முதலில் முழுப் படத்தையும் சிறிதாக்கித் திரையில் போட்டார். மேகம் இருந்தது. ஆனால் சரியாக அந்தக் காட்டுக்கு மேலே ஒரு பெரிய ஓட்டை. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். பேண்ட் 4-ஐ மட்டும் பெரிதாக்கினார்.

கொட்டகையைச் சுற்றி எல்லாம் பளிச்சென்று இருந்தது. எங்கள் அருமையான மாதிரி இடத்தில் ஒரு கறுப்புப் பிக்சல் இல்லை. உள்ளே, பச்சை வகுப்பில், துணியில் பூச்சி அரித்ததுபோல் இருட்டுப் புள்ளிகள். விழுந்த மரங்கள். கரும்புள்ளிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து காட்டின் நடுவை நோக்கிப் போயிருந்தன.

ரொஹானி திரையைப் பார்த்தபடி, தான் முதலில் தேர்ந்தெடுத்தது எவ்வளவு அழகான மாதிரி என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். நானும்தானே பார்த்துத் தலையாட்டினேன் என்றேன். கையேடும் அதைத்தான் சொன்னது என்றும் சொன்னேன். பிறகு இருவரும் உட்கார்ந்து மாதிரிகளைப் புதிதாக வரைந்தோம். டின் மேலும் இருபது புள்ளிகளில் கம்பி ஊன்றிப் பார்த்து விவரம் அனுப்பியிருந்தார். இந்த முறை சிவப்பு காட்டுக்குள் போயிற்று. இராசையா பழையதைத் திரும்பப் பெறுவதாகத் தன் கையாலேயே எழுதி, புதியதில் கையெழுத்திட்டு, தானே தலைமையகத்துக்கு எடுத்துப் போனார்.

6. ஒரு போத்தல் பால்

வாய்க்கால்களை அடைக்கும் வேலை தொடங்கிய வாரம் பாக்கியத்திடம் சொல்லப் போனேன். கடிதம் தானே வரும், நான் போயிருக்க வேண்டியதில்லை. கடிதம் மலாயில் வரும், தாமதமாகவும் வரும் என்று எனக்குக் கவலை.

அவர் பால் கறந்துகொண்டிருந்தார். வரைபடத்தை விரித்துக் காட்டினேன். அதைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"இருக்கலாமா?"

"இருக்கலாம்க்கா. லைசென்ஸ் எப்போதும்போலப் புதுப்பித்துக்கொள்ளலாம்."

அவர் கறப்பதை நிறுத்தவில்லை. வாளியில் பால் விழும் சத்தம் மட்டும் ஒழுங்கு தப்பியது. நெற்றியைப் பசுவின் வயிற்றில் வைத்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே இருந்தார். பிறகு அந்தப் பசுவிடம் தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னார். அதற்கப்புறம்தான் வீட்டுப் பக்கம் திரும்பிக் கணவரைக் கூப்பிட்டார்.

"உள்ள காட்டுல இன்னும் எரியுதா தம்பி?" என்று கேட்டார். நான் தம்பியாகியிருந்தேன்.

எரிகிறது, இப்போது அங்கேதான் தண்ணீர் போகிறது என்றேன்.

"நல்லது. அதுவும் பாவம்தானே."

புறப்படும்போது ஒரு போத்தல் பாலை என் கையில் திணித்தார். லைசென்ஸ்காரரிடம் அரசாங்க ஊழியர் எதுவும் வாங்கக் கூடாது. வேண்டாம் என்றால் அந்த முகம் என்ன ஆகும் என்றும் தெரியும். வழி நெடுக அதை மடியில் வைத்துக்கொண்டு தவித்து, நேரே இராசையாவின் மேசையில் கொண்டுபோய் வைத்து விவரம் சொன்னேன். அவர் போத்தலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு ஆள் குடிச்சால்தான் லஞ்சம். எல்லாருக்கும் தேத்தண்ணி போடச் சொல்லும்."

அன்று எங்கள் அறையில் ஏழு பேர் அந்தப் பாலில் தேநீர் குடித்தோம். குடித்துக்கொண்டே இராசையா ஒரு விதி சொன்னார், ரொஹானி அதைத் தட்டச்சு செய்து கம்ப்யூட்டருக்கு மேலே ஒட்டினார். இரண்டாவது படமும் கம்பியும் இல்லாமல் எந்த எரிப்பு வரைபடமும் இந்த அறையை விட்டுப் போகக் கூடாது.

இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு எங்களைவிடக் கூர்மையான படங்கள் தினமும் கிடைக்கின்றன. நல்லது. அவர்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான். தீக்கு மறுவாரம் எடுத்த படம் எது கறுத்தது என்று சொல்லும். எது பிழைக்கும் என்று அதற்குத் தெரியாது. அது தெரியும்வரை யார் வீட்டின் மேலும் சிவப்பு அடிக்காதீர்கள்.