பிரின்சி சிஸ்டரின் கைராசி

பிரின்சி சிஸ்டருக்குக் கைராசி என்று கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் பேர். சிப்காட் தொழிற்பேட்டையைத் தாண்டி இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவள் டியூட்டியில் இருந்தால் பிரசவம் சுகமாக முடியும் என்று கம்பெனி ஆட்களின் வீட்டுப் பெண்களும் ஏரிக்கரை மீனவப் பெண்களும் நம்பினார்கள். அந்தக் கை எங்கே விழும் என்பதைத்தான் பெற்றுப் போன பெண்கள் யாரும் வெளியில் பேசுவதில்லை. வலியில் துவண்டு, முக்க முடியாமல் கிடக்கிறவளின் தொடையில் பளீரென்று விழும். கூடவே, "புள்ளய கொல்லப் போறியாடி?" என்று ஒரு அதட்டலும் வரும்.

இது பிரின்சி கண்டுபிடித்த வழக்கமல்ல. மூத்த நர்சுகள் அடித்தார்கள், இவள் பார்த்துக் கற்றாள். வெளியே பெஞ்சில் காத்திருக்கும் மாமியார்களுக்கு அந்தச் சத்தம் கேட்டால் ஒரு நிம்மதி. அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். நம் ஊரில் எந்தக் கொடுமைக்கும் ஒரு பழமொழி தயாராக இருக்கும்.

அவள் கெட்டவளும் இல்லை. சோழவரத்தில் நடவுக்குக் கூலி போன அம்மாவின் மகள், அந்தக் குடும்பத்தில் முதலில் நர்சானவள். ஆள் குறைவான வார்டில் இரண்டு பேர் வேலையை ஒருத்தியாக இழுத்துக்கொண்டு, சாப்பாட்டை மறந்து நிற்பாள். அதனாலேயே அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

போன வருஷம் நர்சுகளின் மன அழுத்தத்தைக் குறைக்க என்று திருவள்ளூரில் ஒரு நாள் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். மூச்சுப் பயிற்சி என்றதும் பிரின்சி சிரித்தாள். காலமெல்லாம் கர்ப்பிணிகளுக்கு மூச்சு விடச் சொல்லித் தருகிறவளிடமே இவர்கள் வருகிறார்களாம், கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்தது போல. ஒரு நாள் ஃபேனுக்கடியில் உட்கார்ந்துவிட்டு வரலாம் என்றுதான் போனாள். 

பயிற்சி கொடுத்த அருணா என்கிற பெண் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. கண்ணை மூடச் சொன்னாள். வேலையில் பதறிப்போன ஒரு நேரத்தை நினைக்கச் சொன்னாள். எதிரில் இருந்தவர் என்ன செய்தார் என்று பார்க்க வேண்டாம், அந்த நேரத்தில் உங்கள் உடம்பு என்ன செய்தது, அதை மட்டும் பாருங்கள் என்றாள்.

பிரின்சிக்கு பூமிகா ஞாபகம் வந்தாள். பின்னல் போட்ட சின்னப் பெண், தலைப்பிரசவம். குழந்தையின் இதயத் துடிப்பு குறைந்துகொண்டே வந்த நேரம். இப்போது கண்ணை மூடிப் பார்த்தால், பிரின்சியின் பல் கிட்டித்திருந்தது, தோள் காதுவரை ஏறியிருந்தது, மூச்சு நெஞ்சில் நின்றே போயிருந்தது. அப்புறம் கை எழுந்தது. அடி விழுந்த பிறகுதான் அந்த மூச்சு வெளியே வந்தது. அடித்ததும் லேசாக இருந்தது, அவளுக்கு.

அப்படியென்றால் அந்த அடி யாருக்காக? குழந்தைக்காக என்றுதான் இத்தனை வருஷம் நம்பியிருந்தாள். அவமானத்தில் அவளுக்கு முகம் எரிந்தது. அடிபட்ட பூமிகா அழக்கூட இல்லை, "மன்னிச்சிருங்க நர்ஸம்மா" என்று சொன்னாள். அது இப்போதுதான் முழுசாகக் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு அவள் அடிக்கவில்லை. தோள் ஏறுவது தெரிந்ததும் இரண்டு காலையும் தரையில் ஊன்றி, மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுவாள். குழந்தைகள் முன்பு போலவே பிறந்தன. அதுதான் அவளை இன்னும் கூச வைத்தது. அடியில்லாமலே பிறக்குமென்றால், விழுந்த அத்தனை அடிக்கும் என்ன பதில் சொல்வது?

ஒரு செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் செக்கப்புக்கு பூமிகா வந்தாள், இரண்டாவது பிரசவத்துக்கு. மாமியார் செங்கம்மாள் பெஞ்சில் உட்கார்ந்து, பிரின்சியம்மா ரெண்டு போட்டதால்தான் தன் பேரன் பிழைத்தான் என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிரின்சி உள்ளே பூமிகாவுக்கு பி.பி. பார்க்கக் கையைப் பிடித்ததும், அந்தப் பெண்ணின் இன்னொரு கை தானாகப் போய்த் தொடையை மூடிக்கொண்டது.

பிரின்சிக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. கதவைச் சாத்திவிட்டு, அன்றைக்கு அடித்தது தப்பு, அதற்கு அவசியமே இருக்கவில்லை, தன் பதற்றத்தில் அடித்தேன், மன்னித்துக்கொள் என்று சொன்னாள். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தாள்.

பூமிகா தரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அப்போ நான் ஒழுங்காதான் முக்குனேனா?"

"நல்லாத்தாம்மா முக்குன."

"உனுக்கு முக்கவே தெரில, நர்ஸம்மா இல்லாங்காட்டி புள்ளய கொன்னுருப்பன்னு ஊட்ல இன்னிக்கி வரைக்கும் சொல்றாங்கோ. நானும் அப்டியே நெனச்சிக்கினு கெடக்குறேன். அவனுக்கு ஜொரம் வந்தாகூட என்னாலதான்னு தோணும்." அவள் நிமிர்ந்தாள். "இங்க கதவ சாத்திக்கினு சொல்றீங்களே. எங்க மாமியாராண்ட சொல்லுவீங்களா?"

வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். பிரின்சியின் கையில் பிறந்த பிள்ளைகளே இரண்டு மூன்று பேர் அங்கே ஓடிக்கொண்டிருந்தார்கள். பிரின்சி எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

"செங்கம்மாக்கா, உங்க மருமவ மேல ஒண்ணும் தப்பில்ல. அவதான் பெத்தா. நான் அடிச்சதுதான் தப்பு."

செங்கம்மாள் மழுப்பலாகச் சிரித்து, அடிக்காத நர்சு எங்கே இருக்கிறாள், அதெல்லாம் பழைய கதை என்று கையை வீசினாள். பிரின்சி தலை குனிந்து உள்ளே போகத் திரும்பினாள். வாசற்படியில் பூமிகா வழியை மறித்து நின்றாள்.

"அவங்க காதுல வுழல நர்ஸம்மா. இன்னொரு தபா சொல்லுங்க."