ஓரத்தில் நிற்கும் பெண்ணின் அம்மா

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளை பெட்ஷீட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அடித்தளத்துச் சலவைப் பிரிவில் அவளுக்கு வேலை. ஆள் உயர இயந்திரங்கள் துணிகளை உருட்டிப் புரட்டித் துப்பும். அவள் அவற்றைச் சூட்டோடு சூடாக இழுத்து, உதறி, நான்காக மடித்து அடுக்குவாள். கை பாட்டுக்கு மடித்துக்கொண்டிருக்க, மனசு பாட்டுக்கு எங்கேயாவது போய்விட்டு வரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அது ஒரே இடத்துக்குத்தான் போகும். மகள் பொடிசு கால்பந்து ஆடும் மைதானத்துக்கு. பொடிசு பதினொரு வயசு, குச்சிக் கால், வாய் மட்டும் ஊருக்குப் பெரிசு. அவள் அணியில் சேர்ந்த நாளிலிருந்து அம்மாவுக்கு ஞாயிறு பகல் ஷிப்டுதான் விழுந்துகொண்டிருந்தது. அப்பா கப்பலில் சமையல்காரர், வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்து போகிறவர். அணியின் பயிற்சியாளரம்மா தன் வேனில் பொடிசை ஏற்றிக்கொண்டு போய், பிற்பகலில் மண்ணும் வியர்வையுமாக இறக்கிவிட்டுப் போவார்.

அந்த மைதானத்தை அம்மா செல்போனில்தான் அறிவாள். அணியில் கோல் மேல் கோல் போடும் பெண் ஒருத்தி இருந்தாள். அவளுடைய அப்பா பெயின்டர். மகள் பந்தைத் தொட்டாலே போதும், மனுஷர் வீடியோ எடுத்து இணையத்தில் போட்டுவிடுவார். மேலே ‘எங்க வீட்டுப் புயல்’ என்று எழுதுவார். ஊரே அந்தப் பெண்ணைப் புயல் என்று கூப்பிடும் அளவுக்கு அது பரவியிருந்தது.

மதியச் சாப்பாடு முடிந்ததும் அம்மா துணி வைக்கும் அறைக்குள் போய், அப்போதுதான் அடுக்கிய விரிப்புகளின்மேல் சாய்ந்துகொள்வாள். வெள்ளை வெளேரென்ற அறை. முதுகுக்கு இதமான சூடு. சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரங்கள் கடல் மாதிரி இரைந்துகொண்டிருக்கும். கையில் அந்த வீடியோ. படம் முழுக்கப் புயல்தான். ஆனால் எப்போதாவது ஓரத்தில் ஒரு முழங்கால் வரும். ஒரு ரிப்பன் பறக்கும். பந்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி ஒரு முதுகு நின்றுகொண்டிருக்கும். அது பொடிசு. அம்மா படத்தை நிறுத்தி, விரலால் பெரிதாக்கி, மங்கலான அந்த உருவத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். முழங்காலிலிருந்து பிள்ளையை முழுசாகக் கட்டி எழுப்பி, அவளை ஓடவிட்டு, காற்றையும் வெயிலையும் தானே சேர்த்துக்கொள்வாள். மறக்காமல் ஒரு இதயம் போடுவாள். யாரோ தன் மகளின் தீவிர ரசிகை என்று பெயின்டர் நினைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தால் பொடிசு கதை சொல்லக் காத்திருப்பாள்.

“அம்மா, இன்னைக்கு ஒரு நாய் உள்ள வந்துடுச்சு. யார் விரட்டியும் போகல. நான்தான் பேசிப் பேசி வெளிய கூட்டிட்டுப் போனேன்.”

இன்னொரு நாள், எதிரணி கோல்கீப்பருக்குத் தலைமுடி அவிழ்ந்துவிட்டதாம், இவள்தான் பின்னிவிட்டாளாம். இன்னொரு நாள் இவளே இரண்டு கோல் போட்டாளாம். அம்மா வீடியோவை நொடி விடாமல் பார்த்தவள். அதில் நாயும் இல்லை, பின்னலும் இல்லை, கோல் சத்தியமாக இல்லை. ‘என் பொண்ணு நல்லாத்தான் ரீல் விடுறா’ என்று நினைத்துக்கொள்வாள். ஆனாலும் ஒரு நாளும் குறுக்கே பேசியதில்லை. கண்ணை மூடிக் கேட்டால் அந்தக் கதைகள் வீடியோவைவிடத் தெளிவாகத் தெரிந்தன.

ஒரு ஞாயிறு அவள் விரிப்பில் சாய்ந்து செல்போனைத் திறந்தபோது பெயின்டரின் பக்கம் காலியாக இருந்தது. பழைய வீடியோக்கள்கூட இல்லை. துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. தயங்கித் தயங்கி ஒரு செய்தி அனுப்பினாள்.

“அண்ணா, வீடியோ ஏன் போடல?”

“புயல் வேண்டாம்னு சொல்லிடுச்சு. நீங்க யாரு?”

“ஓரத்துல நிக்கிற பொண்ணோட அம்மா.”

உடனே அவர் கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னார். போன வாரம் புயல் பெனால்டியைத் தவறவிட்டு அழுதாள். அதையும் அவர் எடுத்துப் போட்டார். பாசத்தில்தான் போட்டார். ஆயிரக்கணக்கான பேர் பார்த்தார்கள். மறுநாள் பள்ளியில் பையன்கள் அவள் அழுத மாதிரியே மூக்கை உறிஞ்சிக் காட்டினார்கள். வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. “அப்பா, இனிமே என்னை எடுக்காதீங்க” என்று மட்டும் சொன்னாள்.

“எல்லாத்தையும் அழிச்சிட்டேன் தங்கச்சி” என்றார். பிறகு, கொஞ்சம் வெட்கத்தோடு, “ஓரத்துல எந்தப் பொண்ணு?” என்று கேட்டார்.

அவள் அடையாளம் சொன்னாள். அவருக்குப் பிடிபடவில்லை. இவ்வளவு நாள் அதே மைதானத்தைப் படம் எடுத்த மனுஷருக்கு அப்படி ஒரு பிள்ளை இருப்பதே தெரியவில்லை. “வேணும்னா உங்க பொண்ணை எடுத்து உங்களுக்கு மட்டும் அனுப்பட்டா?” என்றார்.

சரி என்று சொல்ல அவளுக்கு வாய் வரை வந்துவிட்டது. ஆனால் புயலின் மூக்குறிஞ்சல் நினைவுக்கு வர, “அவளைக் கேட்டுட்டுச் சொல்றேன் அண்ணா” என்று வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும், பொடிசு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அவளுக்குக் கோபமில்லை, ஆச்சரியம்தான். “நீ என்னைப் பார்த்துட்டுதான் இருந்தியா?” என்றாள். கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். “வீடியோ எதுக்கும்மா? நீ வர மாட்டியா?”

இத்தனை நாளில் இந்தக் கேள்வியை அம்மா தன்னையே கேட்டுக்கொண்டதில்லை. மறுநாள் சூப்பர்வைசர் முன்னால் போய் நின்று ஒரு ஞாயிறு லீவு கேட்டாள். அந்த அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “இத்தனை வருஷமா நீ ஒரு ஞாயித்துக்கிழமைகூடக் கேட்டதில்லையே. உனக்கு ஞாயிறே பிடிக்காதுன்னுல்ல நினைச்சேன்!”

மைதானம் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. காலைப் பனி இன்னும் விலகவில்லை. பிள்ளைகள் பால் நிற வெளிச்சத்துக்குள்ளிருந்து ஓடி வந்து, மறுபடி அதற்குள்ளேயே கரைந்தார்கள். செல்போனில் எல்லாம் ஒரு கையளவு. இங்கே கண்ணை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. பக்கத்தில் விரல் நகங்களில் வெள்ளைப் பெயின்ட் ஒட்டிய ஒருவர் வந்து உட்கார்ந்தார். சொல்லாமலே அவளுக்கு ஆளைத் தெரிந்தது.

“கையை எங்க வச்சிக்கிறதுன்னே தெரியல தங்கச்சி” என்றார் பெயின்டர். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக, “ஓடும்போது என் பொண்ணு நாக்கைக் கடிச்சிக்கிறா பாருங்க. இன்னைக்குத்தான் கவனிக்கிறேன்” என்றார்.

அவள் பொடிசைத் தேடினாள். பந்து இருந்த பக்கம் அவள் இல்லை. வழக்கம்போல் ஓரத்தில், எதிரணிப் பெண்ணோடு இடுப்பில் கை வைத்து அரட்டை அடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். பந்து வந்தது, பொடிசு பாய்ந்து உதைத்தாள், அது போகக் கூடாத பக்கமாகப் பறந்தது. பயிற்சியாளரம்மா தலையில் அடித்துக்கொண்டார். யார் விழுந்தாலும், எந்த அணி என்று பாராமல், முதலில் ஓடிப் போய்க் குனிகிறவள் பொடிசுதான். புல்லைத் தட்டிவிட்டு, என்னவோ சொல்லி எழுப்பிவிடுவாள்.

அப்புறம் பனிக்குள்ளிருந்து அந்த நாய் வந்தது. பழுப்பு நிறம், ஒரு காது மடங்கியிருந்தது. நேராகப் பொடிசிடம் போய் நின்றது. அவள் ஆட்டத்தை விட்டுவிட்டு, அதனோடு தீவிரமாகப் பேசியபடியே கோட்டுக்கு வெளியே நடந்து போனாள்.

பெட்ஷீட் அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பிள்ளை பொய் சொல்கிறது என்று நினைத்திருந்தாளே! சொன்னதெல்லாம் படத்துக்கு வெளியே நடந்துகொண்டேதான் இருந்திருக்கிறது.

திரும்பும் பஸ்ஸில் மெல்ல ஒப்புக்கொண்டாள். “நீ ரீல் விடுறேன்னு நினைச்சேன் கண்ணு.”

பொடிசு யோசித்தாள். “நாய் நிஜம்மா. பின்னலும் நிஜம். அந்த ரெண்டு கோல் மட்டும் ரீல்தான்.”

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அதன்பின் மாதத்தில் பாதி ஞாயிறுகள் அவளுக்குக் கிடைத்தன. புயலின் ஆட்டம் முன்பைவிடக் கொஞ்சம் தளர்வாக, விளையாட்டாக மாறியது. பெயின்டர் கைதட்டக் கற்றுக்கொண்டார். தப்பான நேரத்தில்தான் தட்டுவார். இரண்டு வருஷத்தில் பொடிசுக்குக் கால்பந்து சலித்துப்போக, அவள் நாடகத்தில் சேர்ந்துவிட்டாள். அம்மாவைத்தான் அந்தப் பழக்கம் விடவில்லை. லீவு கிடைத்த ஞாயிறுகளில் பஸ் பிடித்து மைதானத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்வாள். யார் யாரோ பெற்ற பிள்ளைகள் பனிக்குள் ஓடிக்கொண்டிருப்பார்கள். அவள் கண் மட்டும் பந்து இல்லாத பக்கமாகவே மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும்.