பயம் விட்டுப்போன வண்டிக்காரி

ஆஸ்பத்திரிகளுக்குச் சலவைத் துணி கொண்டுபோகும் வேனை ஓட்டியவளை எல்லோரும் நிதானக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ கேலியாக வைத்த பெயர். அவளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் ஆமைகூட ஹாரன் அடிக்கும் என்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். இத்தனை வருஷத்தில் அவள் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. அது தன் திறமை என்று அவள் நினைத்ததில்லை. பயம்தான் காரணம். நிற்கும் பஸ்ஸுக்கு முன்னாலிருந்து யாராவது பாய்ந்து வருவார்களா, பாலத்து இறக்கத்தில் லாரிக்காரன் எந்தப் பக்கம் ஒடிப்பான் என்பதெல்லாம் அவளுக்கு முதலில் வயிற்றில்தான் தெரியும். வயிறு ஒருமுறை சுருங்கும். கால் தானாக வேகத்தைக் குறைத்துவிடும்.

அவளுடைய தம்பி இறந்துபோனான். காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை. அம்மா இல்லாத வீட்டில் அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. எல்லாவற்றையும் அவளே முன்னின்று செய்தாள். வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாள். தம்பி மனைவிக்குத் தலை வாரிவிட்டாள். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. சரியான கல்நெஞ்சுக்காரி என்று உறவுக்காரி ஒருத்தி வாசலில் சொன்னது காதில் விழுந்தது. வேறு யாரையோ சொன்னதுபோல் இருந்தது. சில நாள் கழித்து வேலைக்குப் போனாள்.

வேலை சுலபமாக இருந்தது. வண்டி வழுக்கிக்கொண்டு போனது. வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே துணி போய்ச் சேர்ந்தது. நிதானக்காவுக்கு இறக்கை முளைத்துவிட்டது என்று சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். பக்கத்து சீட்டில் வரும் மூட்டைக்காரன் மட்டும் மாறிப்போயிருந்தான். மூட்டை ஏற்றி இறக்குவது அவன் வேலை. முன்பெல்லாம் வழி நெடுக அவன் வாய் ஓயாது. இப்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாலையையே பார்த்து வந்தான். துக்க வீட்டுக்காரி என்று மரியாதை பண்ணுகிறான் போலும் என்று அவள் விட்டுவிட்டாள்.

ஒரு மத்தியானம் நாற்சந்தியில் எதிரே தண்ணீர் லாரி வந்துகொண்டிருந்தது. அவள் பார்க்காமல் இல்லை. இடைவெளி போதாது என்பதும் தெரிந்தது. தெரிந்தே குறுக்கே திருப்பினாள். லாரியின் ஹாரன் பக்கத்து வீட்டு டிவி சத்தம்போல் கேட்டது. பின்னால் டயர் கிறீச்சிட்டது. மூட்டைகள் ஒரு பக்கமாகச் சரிந்தன. அவள் கியரை மாற்றிக்கொண்டு போனாள்.

சலவைக் கூடத்துக்கு வந்ததும் மூட்டைக்காரன் இறங்கிக் குழாயடியில் முகம் கழுவினான். துடைக்காமலே வந்து நின்றான்.

"அக்கா, நாளையிலேர்ந்து நான் பஸ்ல வந்துடறேன். இறக்கறதுக்கு ஆஸ்பத்திரியில நிப்பேன்."

"ஏன்?"

"கோவிச்சுக்காதீங்க. வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்கு." முகத்து ஈரத்தைத் தோளில் துடைத்தான். "உங்களுக்குப் பயமே இல்லக்கா. எனக்குப் பயமா இருக்கு."

அவள் கையை நீட்டிப் பார்த்தாள். மயிரிழையில் தப்பியவளுக்குக் கை நடுங்க வேண்டும். நடுங்கவில்லை. காலையில் பள்ளிக்கூட வாசலைக் கடந்தபோது வேகத்தைக் குறைத்தோமா என்று யோசித்தாள். அந்த வாசலே நினைவுக்கு வரவில்லை. செத்திருந்தால் செத்திருப்போம் என்று தோன்றியது. அதற்கும் மனசு அசையவில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு உயிர்மேல் ஆசை இருக்கிறது. லாரிக்காரனுக்கும் இருக்கும்.

நேரே போய் சாவியை சூப்பர்வைசர் மேஜையில் வைத்தாள். லீவு வேண்டுமாக்கும் என்று அவர் நினைத்தார். உன்னைவிட நல்ல டிரைவருக்கு நான் எங்கே போவேன், ஓட்ட ஓட்ட எல்லாம் சரியாகிவிடும் என்றார்.

"லாரி வர்றது கண்ணுக்குத் தெரியுது சார். உள்ள ஒண்ணும் ஆகல. இப்படி இருக்கறவ கையில வண்டியைக் குடுக்காதீங்க."

அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, வாதாடவில்லை. அவளைத் துணி மடிப்பு அறைக்கு மாற்றினார். வேறொரு டிரைவர் வந்தான். வீட்டில் இருந்த ஸ்கூட்டரையும் அவள் எடுப்பதில்லை. தன் குழந்தையைப் பள்ளியில் விடச் சொல்லித் தம்பி மனைவி கேட்டபோது, பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள்.

"எங்க மேல ஏதாவது வருத்தமா அண்ணி?" என்று தம்பி மனைவி கண் கலங்கினாள்.

இல்லை என்று மட்டும் நிதானக்கா சொன்னாள்.

மழைக்காலம் முடிந்து புது டிரைவர் வேலையை விட்டு நின்றுவிட்டான். சூப்பர்வைசர் சாவியைக் கொண்டுவந்து நீட்டினார். அவள் வேனைத் தனியாக எடுத்துத் தெருமுனை வரை போய்த் திரும்பினாள். விளக்குப் போட்டாள், கண்ணாடி பார்த்தாள், நாய்க்கு வழி விட்டாள். எல்லாம் ஒழுங்காகவே இருந்தது, வேறு யாரோ ஓட்டுவதுபோல. நாய் குறுக்கே வந்தபோதும் வயிறு சுருங்கவில்லை.

"இப்ப வேணாம் சார்" என்று சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். சரி, வேறு ஆளைப் பார்க்கிறேன் என்று அவர் போனார்.

மடிப்பு அறையில் போர்வைகள் குவிந்து கிடந்தன. கூட வேலை செய்பவள் எதிரே நின்று ஒன்றின் இரண்டு முனையைப் பிடிக்க, இவள் மற்ற இரண்டையும் பிடித்து உதறினாள்.