மூன்றாவது லைனின் சென்ரர்

"இந்தச் சனி முதல் மூன்றாவது லைனில் அண்ணை சென்ரர். பெப்ரவரி முடியும்வரை பார்ப்போம். அதற்குப் பிறகு இடம் இருக்குமா என்று பேசுவோம்."

ஜனவரியின் இரண்டாவது வியாழன் மாலை, எங்கள் ஐஸ் ஹொக்கி அணியின் கைபேசிக் குழுவில் அணித்தலைவர் போட்ட குறிப்பு இது. அவர் ஆங்கிலத்தில் எழுதியதை நான் தமிழில் தருகிறேன். 'அண்ணை' என்ற ஒரு சொல் மட்டும் அவருடையதேதான். அந்த அண்ணை என் தம்பி.

பெரிய அணி ஒன்றும் அல்ல. ஸ்காபரோவில் ஒரு ஐஸ் அரீனாவில் சனிக்கிழமை மதியங்களில் ஆடுகிற, முப்பதும் நாற்பதும் கடந்தவர்களின் அணி. பாதிப்பேர் டோர்செட் பார்க் மாடிக் கட்டடங்களில் வளர்ந்து, பின்னால் இருந்த பூங்காவில் ஸ்கேற் பழகியவர்கள். தம்பி அவர்களில் மூத்தவன். அஜின்கோர்ட்டில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளராக இருக்கிறான். நான் கண்ணாடிக்குப் பின்னால் பதிவு மேசையில் இருப்பேன். கோல் அடித்தவர், அதற்குப் பக்கை, அதாவது ஐஸில் வழுக்கி ஓடும் ரப்பர் வட்டை, தள்ளிக் கொடுத்தவர், தண்டனை வாங்கியவர் என்று தாளில் எழுதுவது என் வேலை.

ஹொக்கி பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். முன்னால் ஆடுபவர்கள் மூன்று மூன்று பேராக ஐஸில் இறங்குவார்கள். அந்த மூவர்தான் ஒரு லைன். நடுவில் நிற்பவர் சென்ரர். ஒரு நிமிடம் போல ஓடிக் களைத்ததும் அடுத்த மூவர் இறங்குவார்கள். எங்கள் அணியில் முதல் இரண்டு லைன்களுக்கும் கோல் அடிப்பது வேலை. மூன்றாவது லைனுக்கு அது இல்லை. எதிரணியின் மிகத் திறமான ஆள் இறங்குகிற நேரம் பார்த்து இவர்கள் இறங்கி, அவரை அடிக்கவிடாமல் வைத்திருக்கவேண்டும்.

தம்பி பல வருடங்களாக முதல் லைனில் நின்றவன். போன வருடம் முழங்கால் போனது. திரும்பி வந்தபோது வேகம் வரவில்லை. இலையுதிர் காலம் முழுவதும் என் தாளில் அவனுடைய வரி வெறுமையாகவே கிடந்தது. அதன் பிறகு வந்ததுதான் அந்த வியாழக்கிழமைக் குறிப்பு.

ஞாயிறு பூசை முடிந்து அம்மா வீட்டில் சாப்பிடும்போது கதை வந்துவிட்டது.

"முந்தி முதலாவதில எல்லே நிண்டனி. இப்ப மூண்டாவதாம். கோயில்ல அன்ரி கேக்கிறா, உனக்கு என்ன நடந்ததெண்டு," என்றார் அம்மா.

"அம்மா, உது வகுப்பில முதலாம் பிள்ளையா வாற மாதிரி இல்லை. அது வேற வேலை," என்றான் தம்பி.

"வேற வேலையெண்டா ஏன் நம்பர் போட்டவங்கள்?"

தம்பி மீன்குழம்பை இழுத்து வைத்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தான். நாங்கள் பள்ளிக்கூட அறிக்கை அட்டையில் எத்தனையாம் பிள்ளை என்ற கட்டத்தைத்தான் முதலில் பார்த்து வளர்ந்தவர்கள். அம்மாவுக்கு அவன் சொன்ன விளக்கம் சரியானது. அதை அவனே நம்பவில்லை என்பது எனக்குப் பிறகு ஐஸில்தான் தெரிந்தது.

பெப்ரவரி தொடங்கியபோது அணித்தலைவர் என் மேசைக்கு வந்தார். மின்வேலை செய்பவர், தம்பியைவிட இளையவர்.

"அக்கா, நீங்கள் அவற்ர அக்கா எண்டு எனக்குத் தெரியும். ஆனா இல்லாததை எழுதமாட்டியள். சொல்லுங்கோ, அண்ணை உந்த இடத்துக்குச் சரியோ?"

"தாளில ஒண்டும் இல்லை."

"அதுதானே பிரச்சினை. ஒரு பெடியன் கேட்டுக்கொண்டு நிக்கிறான். ஓட்டமெண்டா அப்பிடி ஒரு ஓட்டம். அண்ணையை விட்டா இந்த வயசில வேற ரீம் எடுக்காது. அதையும் யோசிக்கிறன். ஆனா எல்லாரும் காசு கட்டித்தானே விளையாடுகினம்."

நான் எழுதுகிற தாளில் நடந்தவற்றுக்கு மட்டுமே கட்டங்கள் இருக்கின்றன. அடிக்கப்படாத கோலுக்குக் கட்டம் இல்லை. பழைய நாளாகமங்களை, அந்த ஆண்டுக் குறிப்புகளைப் புரட்டியவர்களுக்கு இது புதிதல்ல: எரிந்த ஊரின் ஆண்டு இருக்கும், எரியாத ஊரைப் பற்றி ஒரு வரியும் இராது. மூன்றாவது லைனின் சென்ரர் திறமாக ஆடினால் என் தாளில் அவருடைய வரி வெறுமையாக இருக்கும். மோசமாக ஆடினாலும் வெறுமையாகத்தான் இருக்கும். "அடுத்த சனி சொல்லுறன்," என்றேன்.

அந்தச் சனி பதிவு வேலையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு மேலே பலகை வாங்கில் போய் இருந்தேன். பக் போகிற பக்கம் பார்ப்பதில்லை, தம்பியை மட்டும் பார்ப்பது என்று முடிவு. அது லேசான காரியம் அல்ல. கண் தானாகப் பக்கின் பின்னால் ஓடும். ஆனால் பழகியபின் வேறோர் ஆட்டம் தெரிந்தது. ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் முதல் பகுதியில் அவன், எதிரணியின் மிகத் திறமான ஆளான ஓர் உயரக்காரனின் முன்னால் எப்போதும் ஒரு தடி நீளத்தில் நின்றான். அவன் திரும்பினால் இவனும் திரும்பினான். நடுவர் இருவருக்கும் நடுவே பக்கைப் போடும்போது பாதித் தடவைக்கு மேல் அதை எங்கள் பக்கம் இழுத்தெடுத்தான். முழங்காலுக்கு அதெல்லாம் முடிந்தது.

இரண்டாம் பகுதியில்தான் பிழை வந்தது. நடுக்கோட்டருகே பக் தனியாக உருண்டால் போதும், தம்பி எல்லாவற்றையும் விட்டு அதன் பின்னால் பாய்ந்தான். லைனில் இடப்பக்கம் ஆடுகிற இளைஞன் "அண்ணை, பின்னால! பின்னால!" என்று கத்தினான். அதற்குள் உயரக்காரன் தம்பி விட்டுப்போன இடத்தினூடாக வந்து அடித்துவிட்டான். ஒருமுறை அல்ல, இரண்டு முறை.

ஆட்டம் முடிந்து அணித்தலைவரிடம் சொன்னேன். "சரியெண்டு சொல்லமாட்டன். சரியில்லை எண்டும் சொல்லமாட்டன். அவன் இன்னும் அந்த வேலையைச் செய்து பாக்கேல்லை. பாதி ஆட்டம் செய்யிறான், மிச்சம் முதல் லைனிலதான் நிக்கிறான்."

அவர் சிரிக்கவில்லை. "திரும்பவும் அவங்களோடதான் கடைசி மட்ச். அதோட முடிவு," என்றார். "நீங்கள் அண்ணையிட்ட சொல்லுங்கோ. நான் சொன்னா முறைப்பார்."

காரில் வைத்துச் சொன்னேன். மிட்லண்ட் வீதியில் ஐஸ்மழை பெய்துகொண்டிருந்தது.

"நீங்கள் வாழ்க்கையில ஸ்கேற் கட்டினதே இல்லை, அக்கா."

"ஓம். கட்டேல்லை. கண் கிடக்கு."

"கோல் அடிக்காட்டி நான் என்னத்துக்குப் போறன்? உந்த உயரக்காரனுக்கு வேலிக்கதியால் மாதிரி நிக்கவோ?"

"அவன் இரண்டு கோலும் அடிச்சது நீ நிக்காமல் போன இடத்தாலதானே."

அவன் கண்ணாடியில் படிந்த புகாரைக் கையால் துடைத்தான். பிறகு, "அவங்கள் என்னை நிப்பாட்டப்போறாங்களோ?" என்று கேட்டான். குரலில் கோபம் இல்லை. சின்ன வயதில் ஆங்கில வகுப்பில் பெயர் கூப்பிடப்படுவதற்கு முன் இருந்த குரல் அது. கடையில் எல்லாரும் அவனிடம் மருந்து கேட்பார்கள். அவனோடு பகிடி விடுகிற ஆட்கள் அந்த அரீனாவில்தான் இருக்கிறார்கள்.

"கடைசி மட்ச் பாத்திட்டுத்தானாம்," என்றேன்.

அந்தக் கடைசி ஆட்டத்தில் தம்பி நின்றான். அதைவிட வேறு சொல்ல இல்லை. மூன்றாம் பகுதியில் ஒருமுறை பக் நடுக்கோட்டில் தனியாக உருண்டது, முன்னால் ஐஸ் திறந்து கிடந்தது, எங்கள் வாங்கிலிருந்தே "போ! போ!" என்று கத்தினார்கள். அவன் ஒரு அடி எடுத்தான். இடப்பக்கத்து இளைஞன் விழுந்து கிடப்பதையும் உயரக்காரன் தனியாக நிற்பதையும் கண்டு திரும்பிவிட்டான். உயரக்காரன் அன்று தம்பியின் லைனுக்கு எதிரே ஒன்றும் அடிக்கவில்லை. வெளியேறும்போது தடியால் ஓரத்துத் தடுப்புப் பலகையில் ஓங்கி அடித்துவிட்டுப் போனான். ஆனாலும் நாங்கள் தோற்றோம். இரண்டாவது லைன் ஐஸில் நின்றபோது விழுந்த ஒரு கோலால். ஆகவே இதை வெற்றிக் கதையாக யாரும் வாசிக்கவேண்டாம்.

உடைமாற்றும் அறைக்கு வெளியே அணித்தலைவர், "அண்ணை, அடுத்த சீசனுக்குக் காசைக் கட்டுங்கோ," என்றார். அவ்வளவுதான் முடிவு. தம்பி, "முழங்காலுக்குக் காசில கழிவு உண்டோ?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள்.

மறுநாள் அம்மா கேட்டார்: "கோல் அடிச்சவனோ?"

"இல்லையம்மா. ஒருத்தனை அடிக்கவிடேல்லை," என்றேன்.

"உது ஒரு வேலையோ?" என்றார் அம்மா. ஆனாலும் தம்பியின் தட்டில் இன்னொரு மீன்துண்டை வைத்தார்.

அவன் அந்த இடத்துக்குப் பொருத்தமானவனா என்று இப்போது கேட்டால் ஓம் என்பேன், ஒரு தயக்கத்தோடு. உடம்பு பொருந்தியதை இரண்டு ஆட்டங்களில் என் கண்ணால் பார்த்தேன். மனம் பொருந்தியதா என்பதற்கு ஒரேயொரு தடயம்தான் இருக்கிறது, அதுவும் உறுதியானதல்ல.

ஏப்ரலில் இரண்டாவது லைனின் சென்ரர் வேலை மாறிக் கல்கரிக்குப் போய்விட்டார். புதிய சீசனின் பெயர்ப்பட்டியலில் அந்த இரண்டாவது லைன் இடத்துக்கு, பெப்ரவரியில் கேட்டுக்கொண்டு நின்ற பெடியன் வந்தான். தம்பி மூன்றாவது லைனிலேயே இருந்தான். அந்த இடத்தை முதலில் தம்பிக்குத்தான் கொடுத்ததாகவும், அவன் வேண்டாம் என்று சொன்னதாகவும் அணித்தலைவர் என்னிடம் சொன்னார். தம்பியிடம் கேட்டேன். "ஆர் என்னைக் கேட்டது? ஒருத்தரும் கேக்கேல்லை," என்றான். இருவரிடமும் இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தேன். இருவரும் தங்கள் சொல்லை மாற்றவில்லை. அவர்கள் பேசியபோது கூட இருந்தவர் என்று யாரும் இல்லை. இரண்டாவது லைன் தம்பிக்குக் கொடுக்கப்பட்டதா, அவன் மறுத்தானா என்பதை இதை எழுதும்வரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.