எதிரே உட்கார்ந்து படித்துக் காட்டியவள்

மழை பெய்துகொண்டிருந்த ஒரு மதியம். சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தேன். கனவில் நானும் வசந்தாவும் லேக்கைச் சுற்றி நடந்துகொண்டிருந்தோம். பனிமூட்டத்தில் தண்ணீர் எங்கே முடிகிறது, கரை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அவள் ஏதோ ஒரு கட்டுரையின் முதல் வரியைச் சொல்லிக்கொண்டு வந்தாள். நன்றாக இல்லை என்று சொல்ல நான் வாயெடுத்தபோது தொலைபேசி அடித்தது. அவளுடைய மகள் உமா. அழுகை வந்தால் உமாவுக்கு வங்காளம்தான் வரும். “மாஷி, மா சொலே கேலோ” என்றாள். சித்தி, அம்மா போய்விட்டாள். எது கனவு, எது விழிப்பு என்று புரியாமல் ரிசீவரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். கனவில் கேட்ட அந்த முதல் வரி மறந்துபோயிருந்தது. எனக்கு முதலில் வந்த வருத்தம் அதுதான். மற்றதெல்லாம் பிறகுதான் வந்தது.

‘கங்கைக்கு இந்தப் பக்கம்’ என்று எண்பதுகளில் ஒரு மெட்ராஸ் வாரப் பத்திரிகையில் வந்த பகுதியை விடாமல் படித்தவர்களுக்கு வசந்தாவைத் தெரியும். வசந்தா என்பதைப் புனைபெயர் என்று எடுத்துக்கொண்டு, எழுதுவது வேட்டி கட்டிய, ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் என்று உங்களில் பலர் நினைத்துக்கொண்டிருந்தீர்கள். அப்படி வந்த கடிதங்களை அவள் எனக்குப் படித்துக் காட்டிச் சிரித்திருக்கிறாள். லேக் கார்டன்ஸ் தமிழர்களான உங்களுக்கு அவளை வேறு மாதிரித் தெரியும். கறிகாய் வாங்கப் போனவள் கடைக்காரனின் பூர்வீகத்தைக் கேட்டு நின்றுவிட, வீட்டில் அடுப்பில் வைத்த பருப்பு தீய்ந்துபோகும்.

நான் கல்யாணமாகி, வங்கி வேலையிலிருந்த கணவரோடு மதுரையிலிருந்து இங்கே கல்கத்தாவுக்கு வந்தது அறுபதுகளின் கடைசியில். அவள் பிறந்ததே இந்த ஊரில்தான். அவளுடைய தாத்தா ஒரு கம்பெனி உத்தியோகத்துக்காகத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். எங்களுக்கு ஒரே வயது, ஒரே தெரு, ஒரே ஆசை: பத்திரிகையில் பெயர் வர வேண்டும். அவளுடைய தமிழ்தான் எனக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. தஞ்சாவூர்த் தமிழில் பாதி வங்காளம் கலந்திருக்கும். எதையும் “ஷோனோ, திலகம்” என்றுதான் தொடங்குவாள். கேளு என்று அர்த்தம். கேட்காவிட்டாலும் விடமாட்டாள்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. லேக் மார்க்கெட்டில் தமிழர் ஒருவர் வைத்திருந்த மளிகைக்கடையில் சாமான் மடிக்கப் பழைய வாரப் பத்திரிகைகள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். வசந்தா கெஞ்சிக் கூத்தாடி அவற்றை வாங்கி வருவாள். கட்டுரைகளைப் பத்தி பத்தியாகக் கத்தரித்துக் கட்டில்மேல் கலைத்துப் போட்டு, எது முதலில், எது கடைசியில் என்று நாங்களாக அடுக்குவோம். மின்விசிறி நின்றுவிட்ட மதியங்களில்தான் இந்த வேலை நடக்கும். அது சுற்றினால் பத்திகள் பறந்துவிடும். கல்கத்தாவின் மின்வெட்டை வாழ்த்தியவர்கள் நாங்கள் இருவராகத்தான் இருப்போம். “எந்தப் பத்தியை எடுத்தா கட்டுரை விழுந்துடுமோ, அதுதான் கட்டுரை. மத்ததெல்லாம் ஜோடனை” என்பாள். எழுதத் தொடங்கும் முன்பே கண்டுபிடித்துவிட்டாள்.

அவளுடைய முதல் கட்டுரை எங்கள் தெருமுனை மிட்டாய்க்கடைக்காரரைப் பற்றியது. அது வெளிவந்ததும் பத்திரிகையை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். அவர் கை கழுவிக்கொண்டு வந்து, எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, படி அம்மா என்றார். தமிழைப் பார்த்துப் பார்த்து வங்காளத்தில் சொல்லிக்கொண்டே போனாள். ஓர் இடத்தில் அவளுடைய விரல் சற்று வேகமாக நகர்ந்தது. இந்த வரியை ஏன் விட்டாய் என்று அவர் கேட்டார். ‘தொந்தி குலுங்கச் சிரித்தார்’ என்று எழுதியிருந்ததை அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். அவர் சிரிக்கத்தான் செய்தார். ரசகுல்லாவும் கொடுத்தார். ஆனால் மறுநாளிலிருந்து, வெறும் உடம்போடு கல்லாவில் உட்காருகிற அந்த மனிதர், வேர்த்து வழிகிற ஜூன் மாதத்தில் ஒரு துண்டை வயிற்றுவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வசந்தாவுக்கு முகம் செத்துவிடும்.

அதற்குப் பிறகு அவள் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டாள். யாரைப் பற்றி எழுதினாலும், தபாலில் போடும் முன் அவர்கள் எதிரே உட்கார்ந்து, எழுதியதை வங்காளத்தில் சொல்லிவிடுவாள். சொல்ல நா எழாத வரியை அங்கேயே அடித்துவிடுவாள். “அவங்களுக்குத் தமிழ் தெரியாதுங்கற தைரியத்துல நாம எழுதக்கூடாது, திலகம்” என்றாள். இது என்ன தலைவலி, இப்படிச் செய்தால் மெட்ராஸ்காரர்கள் பத்து எழுதி முடிக்கும்போது நாம் ஒன்று எழுதுவோம் என்று நான் முணுமுணுப்பேன். முணுமுணுத்துக்கொண்டே கூடவும் போவேன். நான் வங்காளம் கற்றுக்கொண்டது இப்படித்தான்.

எழுபதுகளின் பிற்பகுதியில் பத்திரிகை ஆசிரியரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. துர்கா பூஜையும் மிட்டாயும் போதும், ஒரு மனுஷியைப் பற்றி எழுதுங்கள், நன்றாக வந்தால் மாதாமாதம் ஒரு பக்கம் உங்களுக்கு என்று எழுதியிருந்தார். வசந்தா அதைப் பத்திரப்படுத்தவில்லை, தெருவெல்லாம் காட்டினாள். மாமியார் வீட்டில் அவளுடைய எழுத்துக்குக் கிறுக்கல் என்று பெயர். அந்த ஒரு பக்கம் கிடைத்தால் அந்தப் பெயர் போய்விடும் என்று நம்பினாள். அவள் வேறெதையும் அவ்வளவு ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அவள் தேர்ந்தெடுத்தது டாக்குரியா ஸ்டேஷனில் சாயங்காலம் வந்து உட்காரும் ஒரு வயதான அம்மாளை. மூத்த பெண்களை இங்கே மாஷிமா என்றுதான் கூப்பிடுவது. நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். பிரிவினையில் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர். பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ரயில்களைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். யாருக்காகக் காத்திருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. வசந்தா பல நாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கடைசியில் அவராகவே சொன்னார். விட்டு வந்த ஊர்க்காரர்கள் பலர் அந்த லைனில் குடியேறியிருந்தார்களாம். ரயிலிலிருந்து இறங்கும்போது அவர்களில் யாராவது பழைய ஊர்ப்பேச்சில் இரண்டு வார்த்தை பேசிக்கொண்டு போவார்கள். வீட்டில் பிள்ளையும் மருமகளும் கல்கத்தாப் பேச்சுக்கு மாறிவிட்டார்கள். அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் வருகிறேன் என்றார்.

நாங்கள் மூவரும் அங்கே உட்கார்ந்திருந்த சாயங்காலங்கள் இப்போதும் என் தூக்கத்தில் வருகின்றன. விளக்கு போய்விடும். ரயில் வந்து நிற்கும். முகங்கள் தெரியாது, குரல்கள் மட்டும் இறங்கி இருட்டுக்குள் நடந்து போகும். மாஷிமா தலையைச் சற்றுச் சாய்த்து, கண்ணை மூடிக்கொள்வார். சில சமயம் எங்கள் கையைப் பிடித்து, பேசாதே என்று மெல்ல அழுத்துவார். நான் பேசவே இல்லை என்றாலும் அழுத்துவார்.

கட்டுரை பிரமாதமாக வந்தது. அதில் ஒரு பத்தி, ஒரு குறிப்பிட்ட குரலைக் கேட்ட சாயங்காலம் மாஷிமா என்ன செய்தார் என்பதைப் பற்றியது. எடுத்தால் கட்டுரை விழுந்துவிடும் என்று வசந்தா சொல்வாளே, அந்தப் பத்தி. வழக்கம்போல் பெஞ்சில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து படித்துக் காட்டினாள். அந்தப் பத்தி முடிந்ததும் மாஷிமா அவளுடைய கையைப் பிடித்து அழுத்தி நிறுத்தினார். பிறகு, “அதை எடுத்துடு மா. யாரும் வந்து என்னைக் கேக்கப்போறதில்ல. ஆனா நீ அதை எழுதிட்டேன்னு எனக்குத் தெரிஞ்சா, நான் மறுபடி இங்க வந்து உக்கார முடியாது” என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் சண்டை போட்டேன். மதுரையிலும் கோயம்புத்தூரிலும் படிக்கிறவர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு டாக்குரியாவுக்கு வரப்போகிறார்களா, கிடைக்கிற பக்கத்தை நழுவ விடுவாளா ஒருத்தி என்று கேட்டேன். “அவங்க வரமாட்டாங்க. ஆனா மாஷிமா இங்கதானே இருப்பா” என்றாள். பத்தியை எடுத்துவிட்டு அனுப்பினாள். அது திரும்பி வந்தது. எல்லாம் இருக்கிறது, உயிர்தான் இல்லை என்று ஆசிரியர் எழுதியிருந்தார். வசந்தா அன்று முழுக்கச் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. அந்தப் பத்தி என்ன என்று கேட்காதீர்கள். மாஷிமா போய் எவ்வளவோ காலமாகிவிட்டது, ஆனாலும் இங்கேயும் எழுதமாட்டேன்.

சில வாரம் கழித்து, பனிக்காலக் காலை ஒன்றில், லேக் ஓரம் நடக்கும்போது “ஷோனோ, திலகம்” என்று தொடங்கினாள். எடுத்த பத்தியின் இடத்தை நிரப்பிவிட்டேன் என்றாள். நிரப்பியது அவளுடைய சொந்த விஷயம். தமிழ்நாட்டில் சேர்ந்தாற்போல் ஒரு மாதம் இருந்திராத அவள், தையல்காரரிடம் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு ஹௌரா ஸ்டேஷனுக்குப் போவாளாம். மதராஸ் மெயிலிலிருந்து இறங்குகிறவர்கள் பெட்டியை எண்ணிக்கொண்டு, பிள்ளையை அதட்டிக்கொண்டு போகிற தமிழைக் கேட்டுவிட்டுத் திரும்புவாளாம். அழைத்துவர யாரும் இல்லாமல் ஹௌராவில் போய் நிற்கிற பைத்தியம் தானும்தான் என்று எழுதியிருந்தாள். அவ்வளவு வருஷம் பழகிய எனக்கே அது தெரியாது. என்னிடம்கூடச் சொல்லவில்லையே என்று கோபம் வந்தது. அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது. பனி கொட்டுகிறது என்று சொல்லி வேகமாக நடந்தேன்.

அதையும் மாஷிமாவுக்குப் படித்துக் காட்டினாள். இது உன் வீட்டில் தெரிந்தால் உனக்குக் கஷ்டமாயிற்றே, எடுத்துவிடேன் என்று இந்தத் தடவை மாஷிமா அவளுக்காகக் கேட்டார்.

“இருக்கட்டும் மாஷிமா” என்றாள் வசந்தா.

கட்டுரை வெளிவந்தது. மாமியார் கொஞ்ச காலம் முகம் கொடுத்துப் பேசவில்லை. லேக் மார்க்கெட்டில் நம்மவர்கள் ‘என்ன, இன்னிக்கு ஹௌராவா, தையல்காரரா’ என்று கேலி செய்தார்கள். உங்களில் சிலரும் அதில் உண்டு, மறந்திருக்கமாட்டீர்கள். அவளுடைய கணவர் அதிகம் பேசாதவர். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, “சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேனே” என்றாராம். அதை எத்தனையோ தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாள். மாதாமாதம் ஒரு பக்கம் கிடைத்தது. எண்பதுகள் முழுக்க ‘கங்கைக்கு இந்தப் பக்கம்’ எழுதினாள். மாஷிமா அதே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டுதான் இருந்தார்.

இந்த நினைவுகளை எழுதி முடித்ததும் வசந்தா கடைசியாக இருந்த, நியூ டவுனில் இருக்கும் உமாவின் ஃபிளாட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. வசந்தாவின் நாற்காலியைத் தொடாமல், எதிரெதிரே தரையில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த வங்காளத்தில் படித்துச் சொன்னேன். வசந்தாவின் கடைசி நாட்களைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. நான் எழுதியதிலேயே அதுதான் நன்றாக வந்திருக்கிறது என்று எனக்குள் ஒரு பெருமைகூட. உமா அங்கே நிறுத்தச் சொன்னாள். “அது வேணாம் மாஷி. அதப் போட்டா அம்மா இருந்த ரூமுக்குள்ள நான் எப்படிப் போவேன்?” என்றாள். அவள் எதிரிலேயே அடித்துவிட்டேன்.

வசந்தாவிடமிருந்து என்னிடம் தங்கியது இந்தப் பழக்கம் ஒன்றுதான். அதன்படி, எடுத்த இடத்தில் என்னுடையதை வைக்க வேண்டும். வைக்கிறேன். இப்போதெல்லாம் சாயங்காலம் நான் டாக்குரியா ஸ்டேஷனுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருகிறேன். பாதித் தஞ்சாவூரும் பாதி வங்காளமுமாக ஒரு தமிழை யாராவது பேசிக்கொண்டு இறங்கமாட்டார்களா என்று பார்க்கிறேன். வீட்டில் கறிகாய் வாங்கப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். இதைப் படித்தால் தெரிந்துவிடும். இருக்கட்டும்.